தலையில் ஊற்றிய தண்ணீர்

நவம்பர் 3

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. இவர் பல்பு மாட்ட ஏணியில் ஏறினார், பல்புக்கு முன்னால் தரைக்கு வந்துவிட்டார். இடது காலில் கட்டு. கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டையே அதிகாரம் பண்ணுகிறார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கும் போய், இவருக்கும் ஓடி, தேய்ந்த செருப்பு மாதிரி ஆகிவிட்டேன். பெரியவள் படிக்கிறாள், அல்லது படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாள்.

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு என்ன ஆயிற்று? வழக்கமாகக் குளிர் எட்டிப் பார்த்ததுமே உன் கடிதம் வந்துவிடும். கிழங்கு கண் திறந்தது, இலை விட்டது, மொட்டு தலை குனிந்து நிற்கிறது என்று உன் சைக்ளமென் தொட்டிகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவாய். கடைசி வரியில் போனால் போகிறதென்று "நாங்கள் நலம்" என்று சேர்ப்பாய். கோடையெல்லாம் செத்த மாதிரி கிடந்துவிட்டுக் குளிரில் பூக்கிற செடிக்கு இவ்வளவு உருகுகிற ஒரே பஸ் டிரைவர் நீயாகத்தான் இருப்பாய். எங்கள் ஊர் வெயிலில் அது ஒரு வாரம் தாங்காது. அதனால் உன் கடிதத்தில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

போன் செய்தால் சத்தமே இல்லை. டிப்போவில் இன்னும் உன்னை ஆமை என்றுதான் கூப்பிடுகிறார்களா? நான் இங்கே எல்லோரிடமும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட இடிக்காத டிரைவர் என்று.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். நீயே எழுது.

உன் வாலு


நவம்பர் 21

வாலுவுக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தது கேட்டு மிகவும் வருத்தம். அவசரப்பட்டு நடக்க விடாதே. பெரியவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணனுக்கு இப்போது வேலை அதிகம். ஷிப்டு மாற்றிவிட்டார்கள். வந்ததும் படுத்துவிடுகிறார். என்னையே எழுதச் சொன்னார். போன் ரிப்பேர். சொல்லியிருக்கிறோம், வந்து பார்ப்பார்கள்.

செடிகளைக் கேட்டிருந்தாய். எல்லாம் கண்ணாடி வராந்தாவில் வரிசையாக இருக்கின்றன. வெள்ளை முதலில் மொட்டு விட்டது. சிவப்பு இன்னும் இலையோடு நிற்கிறது. குளிர்காற்று வேண்டும் என்பதால் வராந்தா ஜன்னல் பகலில் திறந்தே இருக்கிறது. தினமும் எழுந்தவுடன் ஒவ்வொரு கிழங்கின் தலையிலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். நன்றாக உள்ளே இறங்குகிறது. கவலைப்படாதே.

எல்லோருக்கும் எங்கள் அன்பு.

அண்ணி


டிசம்பர் 2

அண்ணிக்கு,

நலமா? இவர் இப்போது கோலை ஊன்றி ஜன்னல்வரை போகிறார். போய் நின்றுகொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காலைக் காட்டுகிறார். அனுதாபத்துக்குப் பஞ்சமில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். போன குளிரில் நான் அங்கே வந்திருந்தபோது நடந்தது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. பாவமே, காய்ந்து கிடக்கிறதே என்று நான் ஒரு தொட்டிக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டேன். அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "தலையில ஊத்துனியா? குளிப்பாட்டுறதுக்கு அது என்ன குழந்தையா? கிழங்கு அழுகிப் போயிடும். தட்டுல தண்ணி வச்சு, தொட்டிய அதுல இறக்கி வை. வேரு தானா குடிச்சுக்கும். குடிச்சு முடிச்சதும் எடுத்துடு." அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாப் பக்கம் நான் போனாலே பின்னாலேயே வந்து நின்றார். நீங்கள்தான், "ஒரு கிழங்குக்காகக் கூடப் பொறந்தவளை இப்படியா?" என்று சமாதானம் செய்து வைத்தீர்கள்.

அப்படிப்பட்டவர் தினமும் தலையில் ஊற்றுகிறாரா? ஊற்ற விடுகிறாரா? பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உங்கள் கையிலிருந்து தம்ளரைப் பிடுங்கியிருப்பார்.

செடிகளை அண்ணன் பார்த்துக்கொள்ளவில்லை, அண்ணி. நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். அண்ணன் எங்கே?

உடனே எழுதுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

வாலு


டிசம்பர் 30

வாலு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். எங்கே போகப் போகிறார்? கை வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதனால்தான் நான் தண்ணீர் ஊற்றினேன். நீ எழுதிய பிறகு தட்டில்தான் வைக்கிறேன். அதற்குள் இரண்டு தொட்டி போய்விட்டது. நடுவில் கொழகொழவென்று ஆகி, இலையைத் தொட்டால் கையோடு வருகிறது. மற்றவை பூத்திருக்கின்றன.

உன் வீட்டுக்காரருக்குக் கால் தேவலையா? பெரியவளுக்குப் பரீட்சை எப்போது?

அண்ணி


ஜனவரி 7

அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, நீங்கள் பதில் சொன்னால்தானே.

கோபமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். டிப்போ நம்பரைத் தேடிப் பிடித்துக் கடையிலிருந்து பேசினேன். எடுத்தவரிடம் யார் என்று சொன்னதும், "ஆமையண்ணன் வேலைக்கு வர்றதே இல்லையேம்மா. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. அந்தக் குழப்பத்தில் கடையில் ஒரு ஜோடி கண்ணாடியைத் தப்பான ஆளுக்கு மாட்டி அனுப்பிவிட்டேன், அந்த அம்மாள் வாசற்படியில் தடுக்கி விழப்பார்த்தாள். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

என்னை இன்னும் சின்னப் பெண் என்று நினைத்து மறைக்கிறீர்களா? கூடப் பிறந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று ஊரார் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? இந்தக் கடிதத்துக்கும் கிழங்கு, மொட்டு என்று பதில் வந்தால், இவரை நொண்டிக் காலோடு இழுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவேன்.

வாலு


ஜனவரி 18

என் அன்பான வாலுவுக்கு,

நீ வர வேண்டாம். எல்லாவற்றையும் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

செப்டம்பரில் நடந்தது. காலை நேரம், நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாயிற்று என்று உன் அண்ணன் பஸ்ஸை எடுத்திருக்கிறார். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி. அவள் கையிலிருந்து ஏதோ நழுவி பஸ்ஸுக்கு முன்னால் விழுந்திருக்கிறது, எடுக்கக் குனிந்திருக்கிறாள். மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த இடம் தெரியாதாம். வேகமே இல்லை. நடக்கிறவன் வேகம்கூட இல்லை. ஆனாலும் போய்விட்டாள். உன் அண்ணன் இறங்கி, அவளைத் தன் கையால் வெளியே எடுத்திருக்கிறார்.

விசாரணை நடந்தது. டிரைவர்மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "தப்பில்லைன்னா அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்துடுமா?" என்றார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. வேண்டும், வேண்டாம், ஆகட்டும். அவ்வளவுதான்.

காலையில் எழுந்து வராந்தா நாற்காலியில் உட்காருகிறார். இருட்டினால் உள்ளே வருகிறார். அந்தக் குளிரில் தனியாக விட மனசில்லாமல் நானும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செடிகளைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் வெள்ளைப்பூத் தொட்டியைத் தூக்கி அவர் மடியில் வைக்கப் போனேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எங்கிட்ட குடுக்காத. என் கை எது மேலயும் படக்கூடாது" என்றார். குழந்தை மாதிரி அப்படி மறைத்துக்கொண்டதை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துத் தள்ளி வைத்தால் ஸ்பூனால் சாப்பிடுகிறார். என் தோளைக்கூடத் தொடுவதில்லை. தண்ணீர் கொடுத்தால், நான் கீழே வைத்துக் கையை எடுத்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறார். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள் என்கிறார்.

போன் ரிப்பேர் இல்லை. மணி அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது அவருக்கு. நான்தான் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "வாலு என்னைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறவ. அவளுக்குத் தெரிய வேண்டாம்." இப்போது சத்தியத்தை மீறி எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு இங்கே வந்து நிற்காதே, உன்னைப் பார்த்தால் இன்னும் சுருங்கிவிடுவார்.

உன் வீட்டுக்காரரை நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜனவரி 27

அண்ணி,

இரண்டு நாள் அழுதேன். இவர் நொண்டிக்கொண்டே வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், அதில் உப்பைப் போட்டிருந்தார். அதையும் குடித்தேன். ஒரு கோழியைக்கூட இடிக்காதவர் என்று நவம்பரில் எழுதியிருந்தேனே, அதை அண்ணன் படித்தாரா? படிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. சிரிக்காதீர்கள். அண்ணனுக்கு அந்தச் செடிகள்மேல் இருக்கிற பிடிப்பு எங்கும் போயிருக்காது. தப்பாக யாராவது தொட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. என்னை அன்று துரத்தினாரே, அந்தக் கோபம் வந்தால் போதும். கோபம் வந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் தொடுவார்.

இதோடு தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதை அவர் காதில் விழும்படி வாசியுங்கள். பூக்கடையில் கேட்டு எழுதியதாகப் போட்டிருக்கிறேன். இலைகளை அடியோடு கத்தரிக்க வேண்டும், கிழங்கைத் தலை தெரியாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், தொட்டியை அடுப்புப் பக்கத்தில் சூட்டில் வைக்க வேண்டும் என்று. எல்லாமே தலைகீழ். வாசித்தும் அசையாவிட்டால், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவர் கண்ணெதிரே போய் நில்லுங்கள். ஒன்றிரண்டு இலை போனால் பரவாயில்லை.

நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். என்ன ஆயிற்று என்று உடனே எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாலு


பிப்ரவரி 11

வாலு,

நீ சொன்னபடி செய்தேன்.

தாளை உரக்க வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தடவையும் வாசித்தேன். "சரி, உங்க தங்கச்சி சொல்றாளே, செஞ்சு பாக்குறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெள்ளைத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். அதுதான் அதிகமாகப் பூத்திருந்தது. ஓரத்து இலை ஒன்றை வெட்டினேன். அவர் கண்ணைத் திறந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொன்று வெட்டினேன். வருகிறார், எழுந்து வரப்போகிறார் என்று நினைத்து, மொட்டோடு ஒரு தண்டையும் வெட்டிவிட்டேன்.

எழுந்திருக்கவில்லை. கோபமும் இல்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "என்னை எழுப்பணும்னு அதைக் கொல்லாத. ஒண்ணு போதும்."

அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பல வாரங்களில் அவராகப் பேசியது அது ஒன்றுதான், வாலு. அதை இப்படி வாங்கினேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நீ நல்லதை நினைத்துத்தான் சொன்னாய். நானும் அப்படித்தான் செய்தேன். இனிமேல் யோசனை எதுவும் அனுப்பாதே. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது போதும்.

பெரியவளுக்கு என் ஆசி.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இவரிடம் சொன்னேன், "கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு இவ்வளவு குருடா இருக்கியே" என்றார்.

அண்ணனிடம் நான் கேட்டதாக எதையும் சொல்லாதீர்கள். அவர் பேசாவிட்டாலும் போகட்டும், தொடாவிட்டாலும் போகட்டும். பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் தூங்குகிறேன்.

உங்களுக்கு எப்படி இருக்கிறது, அண்ணி? ஒரு வரி எழுதுங்கள்.

வாலு


மார்ச் 16

அண்ணிக்கு,

நான் எழுதி எத்தனை நாளாயிற்று. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்கிறேன், "இருந்தா குடுக்க மாட்டேனாம்மா?" என்று சலித்துக்கொள்கிறார். என்மேல் கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் இருக்காதீர்கள். அந்த வீட்டில் பேசாமல் இருக்க ஒருவர் போதும்.

இவர் கட்டுப் பிரித்தாயிற்று. நான் கிளம்பி வர இனிமேல் தடை ஒன்றும் இல்லை. வாவென்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

வாலு


மார்ச் 25

வாலு,

அண்ணன் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பேனா பிடித்துப் பல நாளாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கால் குணமானது சந்தோஷம்.

அண்ணி பதில் போடவில்லை என்று கோபப்படாதே. அவளால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். போன வாரம் சமையலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன், கீழே கிடந்தாள். உடம்பு கொதித்தது. தொடுகிறேனே என்று நினைக்க நேரமில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். பாதி வழியில்தான் அவள் தலை என் உள்ளங்கையில் இருப்பது எனக்குத் தெரிந்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். முதல் இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வாயில் எதுவும் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் என் கையில் பாலைக் கொடுத்து, "நீங்க குடுங்க, நீங்க குடுத்தா குடிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அவள் கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். குடித்தாள். ஏதாவது ஆகிவிடுமோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் கொஞ்சம் சூடா இருந்திருக்கலாம்" என்றாள்.

இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கிறது. பயம் முழுதாகப் போகவில்லை என்கிறார் டாக்டர். குளிரில் ரொம்ப நேரம் இருந்தார்களா என்று கேட்டார். குளிர்காலம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், இவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னேன். இதையும் என் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார எனக்குத் தெரியும். உட்கார முடியவில்லை. வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் அவள் பையையும் உன் கடைசிக் கடிதத்தையும் இங்கே கொண்டுவந்தார், தொட்டிகளைப் பற்றி நீ எழுதியவை எல்லாம் அந்தப் பையில் இருந்தன. செடிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்பாய். தெரியாது. வீட்டுக்கே போகவில்லை. பஸ் பக்கம் இன்னும் என்னால் போக முடியாது. அந்தப் பெண்ணின் முகம் போகவில்லை, போகவும் வேண்டாம். அதை உன்னிடம் நேரில் சொல்கிறேன், வா.

வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இருமல் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் தினமும் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே அறையில் படுத்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அவள் உனக்கு எழுதின கடிதங்களை எடுத்துப் பார். உடம்பு சரியில்லை, இருமல், சளி என்று எதிலாவது ஒரு வரி எழுதியிருப்பாள். எந்தத் தேதி என்று பார்த்து உடனே எழுது.

அவளைக் கேட்டால் நேற்றிலிருந்துதான் என்கிறாள்.

அண்ணன்